காற்பந்துச் சப்பாத்தும் ஜொகூர்க் காடும்

வரலாறு என்றவுடன் அரியணைகளையும் போர்க்களங்களையும் ஒப்பந்தங்களையும் எண்ணிப் பார்ப்பதே நமது வழக்கம். சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அவ்வளவாகக் கருதுவதில்லை. ஓர் ஊசிக்கு, ஒரு திருகாணிக்கு, ஒரு செருப்பு வாருக்கு என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு விடையாக மிகச் சிறிய பொருள் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். காற்பந்தாட்டக்காரரின் சப்பாத்தின் அடியில் பொருத்தப்படும் குமிழே அது. திடலில் எல்லாரும் அதனை 'ஸ்டட்' என்றே அழைக்கின்றனர். விரல் நுனியளவே உள்ள இப்பொருளின் கதை ஜொகூரின் அடர்காடுகளையும், இலண்டன் மாநகரின் விடுதி ஒன்றையும், தோட்டப்புறத் தமிழரின் வெறுங்கால்களையும் ஒரே இழையில் கோத்து நிற்கிறது.

உடைந்த மரையின் சிக்கல்

மழைக்காலத்தில் ஜொகூரின் திடல்களில் ஆடியவர்கள் இதனை நன்கு அறிவர். செம்மண் சேற்றில் ஆடிவிட்டுச் சப்பாத்தைக் கழுவாமல் மூலையில் போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் எடுத்துப் பார்த்தால் ஸ்டட் ஒன்று பாதி உடைந்திருக்கும். எஞ்சிய பகுதி திருகவும் வராது, அசையவும் செய்யாது. ஸ்டட்டின் தலை பெரும்பாலும் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் நடுவிலுள்ள திருகாணியோ எஃகு. சப்பாத்தின் அடித்தோலில் புதைந்திருக்கும் மரைக்குழியும் உலோகமே. வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவாகும் என்பது வேதியியல் உண்மை. வியர்வையின் உப்பும் சேற்றின் ஈரமும் சேர்ந்து மரையைத் துருவால் பூட்டிவிடுகின்றன. அத்துடன் திடலுக்குச் செல்லும் சிமெண்டுப் பாதையில் சப்பாத்தோடு நடப்பதால், சாவி பிடிக்க வேண்டிய பக்கங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிடுகின்றன. பின்னர் வலிந்து திருகும்போது தலை முறிகிறது. திருகாணி குழிக்குள் தங்கிவிடுகிறது.

இதனை எடுக்கும் முறை பொறுமையைச் சார்ந்தது. முதலில் காய்ந்த மண்ணைத் தூரிகையாலும் கூர்ங்கம்பியாலும் அகற்றி, மரையின் வாயில் சில துளி எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிட வேண்டும். முறிந்த துண்டு சற்றேனும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் இரு பக்கங்களையும் அரத்தால் தட்டையாக்கிக் குறட்டால் இறுகப் பற்றி இடப்புறமாகத் திருகலாம். அதற்கும் இடமில்லையெனில், இரும்பறுக்கும் வாளால் அதன் முகத்தில் ஒரு கோடு கீறி, அக்கோட்டில் திருப்புளியை வைத்துத் திருகலாம். அடியோடு ஒட்ட முறிந்துவிட்டாலோ, நடுவில் சிறு துளையிட்டு, எதிர்மரை கொண்ட பிடுங்கியைச் செலுத்தி இடப்புறம் திருப்புவதே வழி. துளையிடும்போது உலோகத் துகள் கண்ணில் தெறிக்கும்; ஆதலால் கண்ணுக்குக் காப்பு வேண்டும். நெருப்பைக் காட்டி இளக்க முயல்வது அறவே கூடாது. அடித்தோலை ஒட்டியுள்ள பசை உருகிச் சப்பாத்தே பாழாகிவிடும். புதிய ஸ்டட்டைப் பொருத்துமுன் மரையில் சிறிது கிரீஸ் தடவினால் மறுமுறை இத்துன்பம் நேராது.

இவ்வளவு பாடுபட்டு அதனை ஏன் அகற்ற வேண்டும்? ஒரு ஸ்டட் இல்லாமல் ஆட முடியாதா? ஆடலாம். ஆயினும் முறிந்த உலோகத்தின் விளிம்பு கத்தி முனைக்கு ஒப்பானது. அது அணிந்தவனை ஒன்றும் செய்யாது. எதிரே வருபவனின் கணைக்காலைத்தான் கிழிக்கும். தன் காலடியில் இருக்கும் கூர்மை பிறன் உடலுக்குக் கேடாகும் என்னும் இந்த உண்மையிலிருந்துதான் ஸ்டட்டின் சட்ட வரலாறு தொடங்குகிறது.

முதற் சட்டத்தில் ஒரு மலாய்ச் சொல்

1863ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், இலண்டனில் உள்ள ஃபிரீமேசன்ஸ் விடுதியில் காற்பந்துக் குழுக்களின் பேராளர்கள் பலமுறை கூடினர். பள்ளிக்கொரு விதியும் ஊருக்கொரு முறையுமாகக் கிடந்த ஆட்டத்திற்குப் பொதுச் சட்டம் வகுப்பதே அவர்தம் நோக்கம். எபனீசர் காப் மோர்லி என்பார் அம்முயற்சியில் முன்னின்றார். அவ்வாண்டு டிசம்பரில் 13 விதிகள் உறுதி செய்யப்பட்டன. அவற்றுள் கடைசி விதி காலணியைப் பற்றியது. துருத்திக்கொண்டிருக்கும் ஆணிகள், இரும்புத் தகடுகள், கட்டா பெர்ச்சா ஆகியவற்றை எவரும் தம் காலணியின் அடியிலோ குதியிலோ அணிதல் கூடாது என்பது அதன் கருத்து.

ஆணி தெரியும், இரும்புத் தகடு தெரியும். கட்டா பெர்ச்சா என்பது யாது? அது ஆங்கிலச் சொல் அன்று. 'கெத்தா' என்றால் மலாய் மொழியில் மரப்பால் அல்லது பிசின். நம் பக்கத்துக் காட்டில் வளரும் மரமொன்றின் பாலுக்கு வழங்கிய பெயரே கடல் கடந்து சென்று, உலகக் காற்பந்தின் முதற் சட்டத்தில் இடம்பெற்றது. அம்மரத்தை இங்குள்ளோர் 'தாபான்' என்பர். அந்நாளில் அதன் பாலைப் பெருமளவில் அனுப்பிய நிலங்களுள் ஜொகூர் முதன்மையானது.

தாபான் மரமும் தெமெங்கோங்கும்

மலாய் மக்கள் இப்பாலை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பாராங்குக்குப் பிடியாகவும், சாட்டையாகவும் அதனை வனைந்தனர். வெந்நீரில் இட்டால் மெழுகுபோல் குழையும். விரும்பிய வடிவில் அமைத்து ஆறவிட்டால் மரம்போல் இறுகும். நீர் அதனுள் புகாது. 1840களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி இதன் சிறப்பைக் கண்டு மாதிரிகளை மேனாட்டுக்கு அனுப்பினார். 1845இல் இலண்டனில் கட்டா பெர்ச்சாக் கம்பெனி தோன்றியது. குழாய்கள், பெட்டிகள், கோல்ப் பந்துகள், காலணியின் அடித்தட்டுகள் எனப் பலவும் இதனால் செய்யப்பட்டன.

இவற்றையெல்லாம் விஞ்சிய பயன் ஒன்று விரைவில் வந்து சேர்ந்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இதைப்போல் பொருந்திய பொருள் வேறொன்று இல்லை. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கம்பியும், 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்து நிலைத்த கம்பியும் இப்பாலினால் போர்த்தப்பட்டவையே. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி வந்ததும் இத்தகைய கம்பியில்தான். தமிழகக் கரையையும் மலாயாக் கரையையும் முதன்முதலாக நொடிப்பொழுதில் பேச வைத்தது மலேசியக் காட்டு மரங்களின் பால் என்று எண்ணும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது.

அந்நாளில் ஜொகூரின் ஆட்சிப் பொறுப்பு தெமெங்கோங் டாயிங் இப்ராகிமின் கையில் இருந்தது. சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் வாழ்ந்த அவர், காட்டுவாழ் மக்கள்மீதும் ஆற்றுவாய்கள்மீதும் தமக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு இவ்வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தார். காட்டின் உள்வழிகளை அறிந்த பூர்வகுடி மக்களே மரத்தைத் தேடிக் கண்டனர், வெட்டினர், பாலைத் திரட்டிச் சுமந்தனர். பெரும்பொருள் ஈட்டியவரோ தெமெங்கோங்கும் சிங்கப்பூர் வணிகரும் ஆவர். அச்செல்வம் தெமெங்கோங் குடும்பத்தின் எழுச்சிக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. 1855ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் ஜொகூர் ஆட்சி அவர் கைக்கு முறையாக வந்தது. பின்னாளில் ஜொகூர் பாரு எனப் பெயர்பெற்ற நகரும் அதே ஆண்டில் தோன்றியது. இப்ராகிம் 1862இல் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே, அவருக்குச் செல்வம் தந்த அதே பால் இலண்டனில் ஆட்டக்காரரின் காலடியிலிருந்து விலக்கப்பட்டது. அவர் மைந்தர் அபு பக்கார் 1885இல் ஜொகூரின் சுல்தானாக ஏற்கப்பட்டார்.

ஆனால் இவ்வணிகத்திற்கு ஒரு கொடிய மறுபக்கம் இருந்தது. இரப்பர் மரத்தைப்போல் தாபானை நாள்தோறும் கீறிப் பால் எடுக்க இயலவில்லை. அதன் பால் விரைவில் உறைந்துவிடும். ஆகவே மரத்தையே வீழ்த்தி, பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பாலை வடித்தனர். பல்லாண்டு வளர்ந்த மரம் ஒன்று சாய்ந்தால் கிடைத்தது மிகச் சொற்பம். சிங்கப்பூர்த் தீவில் பெருமரங்கள் சில ஆண்டுகளிலேயே மறைந்தன. பின்னர் கோடரி ஜொகூரில் புகுந்தது. அதன்பின் தீபகற்பத்தின் பிற பகுதிகளுக்கும் சுமத்திராவுக்கும் போர்னியோவுக்கும் சென்றது. ஓர் இயற்கைச் செல்வத்தை மறுபடி நடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே நிகழ்ந்த சான்று இது. இன்று பல் மருத்துவர் வேரின் துளையை அடைக்கப் பயன்படுத்தும் பொருளாகவே கட்டா பெர்ச்சாவைப் பலரும் அறிவர்.

தோல் குமிழிலிருந்து திருகு குமிழ் வரை

இனிச் சட்டத்தின் கதைக்குத் திரும்புவோம். 1863இன் தடை ஆட்டக்காரரின் காலைக் காத்தது. ஆனால் வழுக்கலைத் தீர்க்கவில்லை. இங்கிலாந்தின் ஈரத் திடல்களில் தொழிற்சாலைப் பணியாளர்கள் தம் வேலைக் காலணியோடே ஆடினர். வழுக்காமல் நிற்க ஏதேனும் ஒரு பிடிப்பு வேண்டியிருந்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சட்டம் சற்று நெகிழ்ந்தது. தோலால் ஆன பட்டைகளும் குமிழ்களும் அணியலாம்; அவை அரை அங்குலத்துக்கு மேல் துருத்தக் கூடாது; குமிழ்கள் வட்டமாக இருக்க வேண்டும்; கூம்பாகவோ கூராகவோ இருத்தல் ஆகாது; ஆணித் தலைகள் தோலோடு ஒட்ட அடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அளவுகள் வகுக்கப்பட்டன. கட்டா பெர்ச்சாவின் மீதிருந்த தடை மட்டும் அப்போதும் நீங்கவில்லை.

தோல் குமிழ் என்பது வட்டமாக வெட்டிய தோல் துண்டுகளை அடுக்கிச் சிற்றாணிகளால் அடித்துப் பொருத்தியதாகும். ஈரம்பட்டால் தோல் ஊறும்; காய்ந்தால் சுருங்கும். நாளடைவில் ஆணி மேலேறிக் காலின் உள்ளே குத்தும். அடியில் தோல் தேய்ந்தால் ஆணித்தலை வெளிப்பட்டு எதிரியைக் கீறும். செருப்புத் தைப்பவரின் சுத்தியலும் இரும்புக் காலுமே அக்கால ஆட்டக்காரரின் காவல். ஆட்டத்திற்கு முன் நடுவர் ஒவ்வொருவரின் காலடியையும் திருப்பிப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியதும் இதனாலேயே.

திருகிப் பொருத்தும் ஸ்டட்டின் புகழ் 1954ஆம் ஆண்டு ஜூலை 4இல் உலகெங்கும் பரவியது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். எதிர்ப்பார் இன்றி விளங்கிய ஹங்கேரி ஒருபுறம். சில நாட்களுக்கு முன் அதே ஹங்கேரியிடம் 8-3 என்று தோற்ற மேற்கு ஜெர்மனி மறுபுறம். மழை கொட்டியது. ஜெர்மானிய அணியோடு சென்றிருந்த காலணி உற்பத்தியாளர் அடி டாஸ்லர், ஈரத் திடலுக்கு ஏற்ற நீண்ட ஸ்டட்டுகளை அணியினரின் சப்பாத்துகளில் திருகிப் பொருத்தச் செய்தார். இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த ஜெர்மனி 3-2 என வென்றது. இத்தகைய ஸ்டட்டை முதலில் ஆக்கியவர் யார் என்பதில் அடிடாஸ் நிறுவனத்தாருக்கும், அடியின் தமையன் ருடால்ஃப் டாஸ்லர் தொடங்கிய பூமா நிறுவனத்தாருக்கும் இடையே வழக்கு உண்டு. வெற்றி முழுவதும் ஸ்டட்டால் வந்தது என்பதும் மிகையே. எனினும் திடலுக்கேற்ப அடியை மாற்றலாம் என்ற எண்ணம் அன்றே உலகோர் மனத்தில் பதிந்தது.

சட்டமும் அதனைத் தொடர்ந்து விரிந்தது. கழற்றி மாட்டும் ஸ்டட் தோல், இரப்பர், அலுமினியம், பிளாஸ்டிக் போன்றவற்றால் ஆகலாம்; முக்கால் அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது; குறுக்களவு அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது; மரைக்குழி அடித்தட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும்; திருகாணி ஸ்டட்டின் பகுதியாகவே இருக்க வேண்டும் என்றெல்லாம் நுணுக்கமாக எழுதப்பட்டது. கடைசி விதியின் பொருளை எண்ணிப் பாருங்கள். ஸ்டட்டைக் கழற்றிய பின் அடியில் குழி மட்டுமே இருக்க வேண்டும். கூர்முனை எதுவும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஸ்டட் முறிந்து திருகாணி தங்கிவிடும்போது நேர்வது இந்த ஏற்பாட்டுக்கு நேர்மாறானதாகும். 1990களில் விதிகள் சுருக்கி எழுதப்பட்டபோது அளவுகள் நீங்கின. ஆட்டக்காரர் தமக்கோ பிறருக்கோ ஊறு விளைக்கும் எதனையும் அணிதல் கூடாது என்ற ஒரே கருத்து எஞ்சியது. அளவு போயினும் அறம் நின்றது.

வெறுங்கால்களின் வரலாறு

இதுவரை சப்பாத்து அணிந்தவரைப் பற்றியே பேசினோம். அணியாதவரைப் பற்றிப் பேசாவிடில் இவ்வரலாறு முழுமை பெறாது.

1909இல் ஜொகூரை ஊடுருவி இருப்புப் பாதை அமைந்தது. அதன் இருமருங்கிலும், சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என நெடுக இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தாபான் நின்ற மண்ணில் பிரேசிலிலிருந்து வந்த மரம் வரிசை வரிசையாக நின்றது. வேதியியலார் ஒரு செய்தி கூறுவர். கட்டா பெர்ச்சாவும் இரப்பரும் ஒரே அணுக்களால் ஆனவை. அவை கோக்கப்பட்ட முறை மட்டுமே வேறு. ஒன்று இறுகி நிற்கிறது. மற்றொன்று இழுபட்டு மீள்கிறது. காட்டுப்பாலைப் பூர்வகுடிகள் வடித்தனர். தோட்டப்பாலைத் தமிழர் வடித்தனர். இரண்டின் பயனும் வேறெங்கோ சென்று சேர்ந்தது.

உலகத்தின் கால்களுக்கு இரப்பர் அடித்தட்டைத் தந்த அந்தத் தொழிலாளரின் பிள்ளைகள் தோட்டத் திடலில் வெறுங்காலோடு பந்தாடினர். ஸ்டட் வைத்த சப்பாத்து என்பது அவர்களுக்குக் கடைக் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பொருள். ஒரு சோடி கிடைத்தால் அதனை அண்ணன் அணிந்து, பின் தம்பி அணிந்து, பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். அத்தகைய வீட்டில் முறிந்த ஸ்டட் என்பது எளிய செய்தி அன்று. புதிய சப்பாத்து வாங்க வழியில்லாதவனே எண்ணெயும் அரமும் குறடுமாக மணிக்கணக்கில் போராடுகிறான். பழுது பார்க்கும் கலை வறுமையின் பள்ளியில் வளர்ந்த கலை எனலாம்.

வெறுங்கால் ஆட்டம் இழிவன்று என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. 1911இல் கல்கத்தாவின் மோகன் பகான் குழுவினர், ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலோடு ஆடி, சப்பாத்தணிந்த ஆங்கிலப் படைப்பிரிவின் அணியை வென்று கேடயம் பெற்றனர். 1948 ஜூலை 31இல், இலண்டன் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற இந்தியாவின் அணி பிரான்சை எதிர்கொண்டது. ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலினர். கிடைத்த இரு பெனால்டி உதைகளும் வீணாயின. 2-1 எனத் தோற்றனர். அன்று இந்தியாவுக்காக விழுந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனப் பெருந்தோல்வி கண்ட பின்னரே இந்தியக் காற்பந்துச் சங்கம் சப்பாத்தைக் கட்டாயமாக்கியது. வெறுங்கால் ஆட்டத்தைத் தடுத்ததால்தான் இந்தியா 1950 உலகக் கிண்ணத்துக்குச் செல்லவில்லை என்று பரவியுள்ள கதை முழு உண்மையன்று. நெடும்பயணமும், அணித் தேர்வில் எழுந்த பிணக்கும், ஒலிம்பிக்கையே பெரிதாகக் கருதிய மனப்போக்கும் அதற்குக் காரணங்களாயின.

நம் நாட்டிலோ நிலைமை விரைந்து மாறியது. 1972இல் மூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணி அமெரிக்காவை 3-0 என வென்றபோது, அவ்வணியில் எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி போன்ற நம்மவரும் இருந்தனர். ஜொகூர் அணி 1985இல் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1991இல் லீக் வெற்றியையும் கிண்ணத்தையும் ஒருங்கே பெற்றது. 2015இல் ஜொகூர் டாருல் தக்சிம் குழு ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தை வென்றது. அதனை வென்ற முதல் மலேசியக் குழு என்ற பெருமையும் பெற்றது. 2020இல் இஸ்கந்தர் புத்ரியில் புதிய பேரரங்கம் திறக்கப்பட்டது. அங்கு ஆடுவோரின் சப்பாத்துகளைப் பேணத் தனிப் பணியாளர் உண்டு. ஆயினும் ஊர்த் திடல்களில், பள்ளித் திடல்களில், மழை ஓய்ந்த மாலைகளில், ஒரு சிறுவன் தன் சப்பாத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முறிந்த திருகாணியோடு போராடும் காட்சி இன்னும் மறையவில்லை.

சிறு பொருள் சொல்லும் பெரும் பாடம்

இக்கதையில் மூன்று தொகுதி மனிதரைக் கண்டோம். காட்டில் தாபானைத் தேடி அலைந்த பூர்வகுடி மக்கள் ஒரு தொகுதி. பனி மூடிய காலையில் இரப்பர் வெட்டிய தமிழர் மற்றொரு தொகுதி. தொலைவில் அமர்ந்து விதி வகுத்தும் விலை வகுத்தும் வாழ்ந்தோர் மூன்றாம் தொகுதி. முதல் இரு தொகுதியாரின் பெயர்கள் எந்தச் சட்ட ஏட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் வடித்த பாலின் பெயர் மட்டும் அங்கே பதிந்துவிட்டது. பெயரற்றோரின் உழைப்பு இவ்வாறேனும் ஒரு சொல்லாக எஞ்சியதே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். அச்சொல்லைத் தேடிப் பொருள் கண்டு நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நம் கடமையும் ஆகும்.

மற்றொன்றும் உண்டு. 1863இல் அந்த விடுதியில் கூடியோர் வெற்றி பெறும் வழியை எழுதவில்லை. எதிரே நிற்பவனின் காலைக் காக்கும் வழியை எழுதினர். போட்டி என்பது பகையன்று என்பதே அதன் உட்பொருள். நடுவர் காணாத முறிந்த விளிம்பை ஆட்டக்காரன் தானே கண்டு அகற்றும்போது, அவன் எவரும் காணாத இடத்தில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றுகிறான். சேற்றைக் கழுவி, எண்ணெய் விட்டு, பொறுத்திருந்து, அந்தச் சிறு இரும்பை வெளியே எடுக்கும் கை, தான் அறியாத ஒருவனின் காலைக் காக்கும் கையாகும்.